தந்தி ஆபீஸ் எசென்குல் சொன்ன வாத்துக் கதை

எசென்குலுக்கு வயிற்றில் அல்சர். அப்படித்தான் மனைவி ஜிபார் சொன்னாள், மகள் பெர்மெத் சொன்னாள், மாஸ்கோவில் கட்டட வேலை பார்க்கும் மகன் உலான் வீடியோ காலில் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு சொன்னான். ஐந்து மாதமாக அல்சர். அந்த அல்சருக்காக அவர் தலைமுடி மொத்தமும் கொட்டிப்போனது. அந்த அல்சருக்காக மாதத்துக்கு ஒருமுறை கையில் ஊசி குத்தி, நாள் முழுக்க ஏதோ சிவப்புத் தண்ணியைச் சொட்டுச் சொட்டாக இறக்கினார்கள். இவ்வளவு மெனக்கெட வைக்கும் அல்சரைத் தன் அறுபத்தாறு வயதில் அவர் கேள்விப்பட்டதே இல்லை.

தலைநகர் பிஷ்கெக்கில் அந்த ஆஸ்பத்திரியின் முன்வாசலில், அது எந்த நோய்க்கான ஆஸ்பத்திரி என்று கிர்கிஸில் ஒரு வரி, ரஷ்யனில் ஒரு வரி, ஆளுயர எழுத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள். அதனால் குடும்பத்துக்காரர்கள் நோயாளியைப் பின்வாசல் வழியாகத்தான் கூட்டிவருவார்கள். சமையல்கட்டைத் தாண்டி, நிலக்கரிக் குவியலைச் சுற்றி, எல்லாரும் நடந்து நடந்து அங்கே ஒரு ஒற்றையடிப் பாதையே விழுந்துவிட்டது. "முன்னாடி ரோடு வேலை நடக்குதுப்பா" என்றாள் பெர்மெத், முதல் நாள். எசென்குல் தலையாட்டினார். ஒரு மனுஷனை ஏமாற்றுவதற்கென்றே தனிப் பாதை போடுகிற அளவுக்கு இந்த ஜனங்கள் பாசக்காரர்கள் என்று நினைத்துக்கொண்டார்.

அவருக்கு அன்றைக்கே தெரிந்துவிட்டது. போர்டைப் படித்துத் தெரிய வேண்டியதில்லை. மகளின் முகமே போதும். கெட்ட செய்தியைச் சுமந்து வருகிற முகம் எப்படி இருக்கும் என்று அவரைவிட நன்றாகத் தெரிந்தவர் அந்த நாட்டில் இருக்க முடியாது. முப்பது வருஷம் அவருடைய முகமே அப்படித்தான் இருந்தது.

சொந்த ஊரான கொச்கோரில் தபால் நிலையத்தின் தந்திப் பிரிவில் எசென்குல் ஒருவர்தான் ஊழியர். அந்தப் பள்ளத்தாக்கில் சாவுச் செய்தியை நேராகச் சொல்லும் வழக்கம் கிடையாது. "உங்க மகன் போயிட்டான்" என்று ஒருவன் வந்து சொன்னால், கொன்றதே அவன்தான் என்பது போலப் பார்ப்பார்கள். கதை போலச் சுற்றி வளைத்து, மெல்லக் காதில் போட வேண்டும். கேட்பவரே புரிந்துகொண்டு, கேட்பவரே முதலில் அழ வேண்டும். இதற்கென்று பேச்சுத் திறமை உள்ளவர்களைக் கூப்பிடுவார்கள். ஆனால் தந்தி முதலில் வருவது எசென்குலின் கைக்கு. "பேப்பர் உங்கிட்டதானே இருக்கு, நீயே போய்க் காதுல போட்டுடு" என்று ஊர்க்காரர்கள் ஆரம்பத்தில் ஒன்றிரண்டு முறை கழன்றுகொண்டார்கள். பிறகு அதுவே அவருடைய வேலையாகிவிட்டது. ஊர்ப் பையன்களைப் பட்டாளத்தில் கொண்டுபோன ஆப்கானிஸ்தான் போரின்போது ஓவர்டைம்.

அவருடைய கதை எப்போதும் ஒரே மாதிரிதான் தொடங்கும். "காலையில ஏரிப்பக்கம் போயிருந்தேன்..." ஏரி நாற்பது மைல் தள்ளி. காலையில் அங்கே போய்வர முடியாது என்பது குழந்தைக்கும் தெரியும். அந்த ஒரு வரியைக் கேட்டதுமே பெண்கள் ஒப்பாரிக்குத் தயாராகத் தலைத்துணியை அவிழ்த்துவிடுவார்கள். அவர் தெருவில் நடந்தால் கதவுகள் மூடும். கல்யாண வீட்டில் வாழ்த்துச் சொல்ல அவர் எழுந்தால் மண்டபமே உறைந்துபோகும். ஒருமுறை, "மணமக்களே, காலையில..." என்று ஆரம்பித்தவரை மாப்பிள்ளையின் மாமா கையைப் பிடித்து உட்கார வைத்துவிட்டார். காலையில் பனி பெய்ததைப் பற்றித்தான் அவர் சொல்ல வந்தது. நல்ல மனுஷன், ஆனால் யாரும் அவரைச் சும்மா டீ குடிக்கக் கூப்பிட்டதில்லை.

இப்போது அவருடைய செய்தியை அவரிடம் சொல்ல ஆள் இல்லை.

மூன்றாவது தடவை மருந்து ஏற்றிய பிறகு, பெரிய டாக்டரம்மா தாழ்வாரத்தில் பெர்மெத்திடம் பேசியது கதவு வழியாக அவர் காதில் விழுந்தது. "நாலாவது ஏத்துறது உங்க திருப்திக்குத்தான். அவருக்கு அதனால ஒரு பலனும் இல்ல. யோசிச்சுச் சொல்லுங்க." பெர்மெத் மாஸ்கோவுக்குப் போன் போட்டாள். அண்ணனும் தங்கையும் யோசித்து, ஏற்றிவிடலாம் என்று முடிவு செய்தார்கள். அடுத்த திங்கட்கிழமை.

எசென்குலுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. சொந்தக் காலால் நடக்க முடிகிறபோதே கொச்கோருக்குப் போய், சொந்த வாசலை நடந்து தாண்டி உள்ளே போக வேண்டும். நாலாவது தடவைக்குப் பிறகு நடை இருக்காது, அது அவர் காலுக்கே தெரிந்தது. ஆனால் எப்படிக் கேட்பது? அல்சர் குணமாகி வருகிறவன் ஏன் வீட்டுக்கு ஓட வேண்டும்? கேட்டால், தெரியும் என்று ஒத்துக்கொண்ட மாதிரி. ஒத்துக்கொண்டால் ஜிபார் என்ன ஆவாள்?

தினமும் பதினொரு மணிக்கு மகள் வீட்டிலிருந்து ஜிபார் பிளாஸ்க்கில் குதிரைக்கறி சூப் எடுத்துக்கொண்டு வருவாள். ஜன்னலிலிருந்து பார்த்தால் பின்வாசல் தெரியும். நிலக்கரிக் குவியலுக்குப் பக்கத்தில் வந்ததும் அவள் நின்றுவிடுவாள். கண்ணைத் துடைத்து, தலைத்துணியை இழுத்துக் கட்டி, கன்னத்தை இரண்டு கையாலும் தேய்த்துச் சிவக்க வைத்து, ஒரு சிரிப்பை வரவழைத்துக்கொண்டு, பிறகு நடப்பாள். எசென்குல் ஓடிப்போய்ப் படுத்துக்கொண்டு, அப்போதுதான் கண் விழித்தவர் போலத் திரும்புவார்.

"என்ன கிழவரே, இன்னைக்கு முகமெல்லாம் தெளிஞ்சிருக்கே!"

"ஆமா கிழவி, அல்சர் ஓடியே போச்சு போல."

சூப்பில் மூன்று கரண்டி குடிப்பார். மீதியை அவள் போனதும் பக்கத்துக் கட்டிலுக்குக் கொடுத்துவிடுவார். நாற்பத்திரண்டு வருஷம் ஒரே கூரையின் கீழ் இருந்துவிட்டு, கடைசியில் இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து நாடகம் போட்டார்கள். பார்க்க ஆளில்லாத நாடகம். அவள் போன பிறகு அவர் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வார். அந்தச் சுவரில் பச்சைப் பெயின்ட் எங்கெல்லாம் உரிந்திருக்கிறது என்று கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு சொல்வார்.

அந்த வார்டில் ஆறு கட்டில். இரண்டு பேருக்கு அல்சர், ஒருவருக்கு வீக்கம், ஒருவருக்கு நீர் கோத்திருக்கிறது, ஒருவருக்குக் குடலில் ஏதோ சூடு. பக்கத்துக் கட்டில் அப்துவாலிக்கு, ஓஷ் ரோட்டில் டாக்ஸி ஓட்டுகிற உஸ்பெக் ஆள், 'சாதாரணக் கட்டி'. ஆறு பேருக்கும் முடி இல்லை. அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

இந்த நிலையில்தான் அய்தூர்கான் வந்தாள். மருத்துவக் கல்லூரியில் வேலை பார்க்கும் பெண், முப்பது வயதிருக்கும். நோயாளிகளின் கதையை அவர்கள் வாயாலேயே கேட்டுப் பதிவு செய்தால், டாக்டர்களுக்கு அவர்களைப் புரியும் என்று ஒரு திட்டமாம். டாக்டரம்மா அனுமதி கொடுத்திருந்தார், ஒரே ஒரு நிபந்தனையோடு. வார்டுக்குள் நோயின் பெயரைச் சொல்லக் கூடாது. பாவம் அந்தப் பெண், பெயர் சொல்லக் கூடாத மாப்பிள்ளையைப் பற்றி விசாரிக்க வந்தவள் மாதிரி, கையில் கேள்வித்தாளும் குரல் பதிவு மிஷினுமாக ஒவ்வொரு கட்டிலாகப் போய் நெளிந்துகொண்டிருந்தாள்.

"ஐயா, உங்களோட... இந்த... உடம்பு சரியில்லாம இருக்கிற அனுபவத்தச் சொல்ல முடியுங்களா?"

"முதல் கேள்விய ஏன் கையால மூடிட்டிருக்கே பொண்ணு?"

"அது உங்களுக்குப் பொருந்தாதுங்கய்யா."

"எனக்கு அல்சர்ங்கிறதாலயா?"

"ஆமாங்கய்யா."

"அல்சர்காரன் கதையக் கேக்கவா மருத்துவக் கல்லூரியில உனக்குச் சம்பளம் குடுக்குறாங்க?"

அய்தூர்கானின் காது சிவந்தது. அப்துவாலி கட்டிலிலிருந்து கையைத் தூக்கினான். "அக்கா, என்னைய எழுதிக்கோங்க. எனக்குக் கட்டி. ஆரஞ்சுப்பழ அளவு. டாக்டரம்மா சொன்னாங்க. எதுக்கு எப்பப் பாத்தாலும் பழத்தோடயே ஒப்பிடுறாங்கன்னுதான் புரியல."

முதல் இரண்டு நாள் எசென்குல் அந்தப் பெண்ணுக்கு வாய்க்கு வந்ததையெல்லாம் சொன்னார். தந்திக் கம்பத்தில் ஏறி ஓநாயிடமிருந்து தப்பியது, கணவாயில் தபால் பையைக் கழுகு தூக்கிக்கொண்டு போனது. அவள் குறுக்கே பேசவே இல்லை. அதுதான் அவரைச் சங்கடப்படுத்தியது. அவர் பேசுவதை முழுசாகக் கேட்டவர்கள் எல்லாரும் கடைசியில் அழுதவர்கள்தான். அழாமல் கேட்கிற ஆளை இப்போதுதான் பார்க்கிறார்.

"இதெல்லாம் நெசமாங்கய்யா?" என்றாள் இரண்டாம் நாள் முடிவில்.

"உன் பேப்பர்ல நெசமா பொய்யான்னு ஒரு கட்டம் இருக்கா?"

"இல்லீங்க."

"அப்புறம் ஏன் கவலப்படுறே?"

மூன்றாம் நாள் அவள் காகிதத்தை வெளியே எடுக்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, தணிந்த குரலில், "எங்கப்பாவும் இங்கதான் இருந்தாரு. நாங்களும் பின்வாசல் வழியாத்தான் கூட்டிட்டு வந்தோம். மூட்டுவலின்னு சொல்லி வச்சிருந்தோம். கடைசி வரைக்கும் அவரும் மூட்டுவலின்னேதான் சொல்லிட்டிருந்தாரு. அவருக்குத் தெரியுமா தெரியாதான்னு எனக்கு இன்னும் தெரியலைங்கய்யா" என்றாள்.

"தெரியும்" என்றார் எசென்குல்.

"எப்படிச் சொல்றீங்க?"

"மூட்டுவலிக்காரன் மனசு அல்சர்காரனுக்குத் தெரியாதா?"

அவள் சிரித்தாள். பிறகு சிரித்த முகம் கோணிக்கொண்டு போனது. எசென்குல் ஜன்னல் பக்கம் பார்த்தார். மணி பத்தரை. இன்னும் அரைமணியில் ஜிபார் நிலக்கரிக் குவியலுக்குப் பக்கத்தில் நின்று கன்னத்தைத் தேய்ப்பாள். அவர் போன பிறகு, அவருக்குத் தெரியுமா தெரியாதா என்று அவளும் இதே மாதிரி யாரிடமாவது கேட்டுக்கொண்டு திரிவாள்.

"உன் மிஷின்ல நான் சொல்றத, நான் சொல்ற ஆளுக்கு அனுப்ப முடியுமா?"

"நீங்க கையெழுத்துப் போட்டா முடியுங்கய்யா. உங்க கதை, உங்களுக்குத்தான் சொந்தம்."

"சரி, போடு."

நேராகச் சொல்ல அவருக்குத் தெரியாது. காதில் போடத்தான் தெரியும். உலகத்திலேயே தன் செய்தியைத் தானே கொண்டுபோன ஆள் யாரும் கிடையாது என்று நினைத்தபோது அவருக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. தொண்டையைச் செருமினார். குரல் தானாகவே அந்தப் பழைய இடத்துக்குப் போய் உட்கார்ந்துகொண்டது.

"காலையில ஏரிப்பக்கம் போயிருந்தேன். அங்க ஒரு கிழட்டு வாத்து, காட்டு வாத்து. மத்ததெல்லாம் அதைச் சுத்திச் சுத்திப் பறக்குது. 'ஒனக்கு ஒண்ணுமில்ல, எறக்கை நனைஞ்சிருக்கு, அவ்வளவுதான், காஞ்சிடும்'னு ஒண்ணு சொல்லுது. 'காத்து சரியில்ல, அதான்'னு ஒண்ணு சொல்லுது. கிழட்டு வாத்துக்குத் தெரியும், எறக்கை நனையல, ஒடஞ்சிருக்குன்னு. ஆனா சுத்திப் பறக்குறதுங்க களைச்சுப் போறதப் பாத்தா அதுக்கு மனசு கேக்கல. அதுவும் 'ஆமா ஆமா, நனைஞ்சிருக்கு'ன்னே சொல்லிட்டிருக்கு. இது யாரோட ஏரியோ. அதுக்கு அதோட சொந்தக் கரைக்குப் போகணும். இவ்வளவுதான். சுத்தினது போதும், எறங்குங்க, வீட்டுக்குப் போவோம்னு சொல்லணும் அதுக்கு. சொல்ல வாய் வரல."

அய்தூர்கான் மிஷினை நிறுத்தினாள். கையெழுத்து மட்டும் வாங்கிக்கொண்டாள். அவர் சொன்னபடி, ஜிபாருக்குப் போட்டுக்காட்டச் சொல்லிப் பெர்மெத்தின் போனுக்கு அனுப்பிவிட்டு, நாற்காலியைச் சத்தம் வராமல் தூக்கி வைத்துவிட்டுப் போனாள்.

அன்றைக்குப் பதினொரு மணிக்கு ஜிபார் வரவில்லை. பன்னிரண்டுக்கும் வரவில்லை. எசென்குலின் போனில் சார்ஜ் இல்லை. வார்டில் இருக்கிற ஒரே பிளக் அப்துவாலியின் தலைமாட்டில். அதில் எப்போதும் அவனுடைய போன்தான் தொங்கும், அவனும் எப்போதும் அதில் மலை ரோடு வீடியோதான் பார்த்துக்கொண்டிருப்பான். கேட்டால் கொடுப்பான்தான். ஆனால் எசென்குல் கேட்கவில்லை. ஜிபாருக்குக் கோபமா, அழுகையா? யோசித்துப் பார்க்கட்டும் என்று விட்டார். ஒரு மணிக்குத் தாழ்வாரம் வரை நடந்தார். ஒன்றரைக்கு, தொப்பியை மாட்டிக்கொண்டு, சுவரைப் பிடித்துப் பிடித்து இறங்கி, பின்பக்கம் சமையல்கட்டுச் சுவரோரம் கிடந்த பெஞ்சில் போய் உட்கார்ந்தார்.

வெயில் இருந்தும் குளிர்ந்தது. முட்டைக்கோஸ் வேகும் வாசனை. ஒரு பூனை வந்து பார்த்துவிட்டு, இவரிடம் ஒன்றும் பெயராது என்று தெரிந்து போய்விட்டது. முப்பது வருஷம் வாசல் வாசலாகப் போய்க் கதை சொன்னோமே, சொல்லிவிட்டு வந்த பிறகு அந்த வீடுகளில் என்ன நடந்தது என்று ஒருநாளும் நின்று பார்த்ததில்லை என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது. சொல்வார், அவர்கள் அழ ஆரம்பித்ததும் குதிரையேறிவிடுவார். அடுத்த தந்தி இருக்கும். இல்லாவிட்டாலும் இருக்கிற மாதிரி போவார்.

அப்போது பின்வாசல் பக்கம் ஒப்பாரி கேட்டது.

ஆஸ்பத்திரியில் அது புதிதல்ல. யாரோ போய்விட்டார்கள், பாவம். எசென்குல் உள்ளங்கை இரண்டையும் விரித்து, முகம் தெரியாத அந்த ஆத்மாவுக்காக இரண்டு வரி ஓதி, முகத்தைத் தடவிக்கொண்டார். நல்ல குரல், என்று வேறு நினைத்தார். முப்பது வருஷ அனுபவம், நல்ல ஒப்பாரிக்கும் சுமாரான ஒப்பாரிக்கும் அவருக்கு வித்தியாசம் தெரியும்.

*தந்தி சுமந்த தோளே, என் மலையே,*
*தனியாப் போனீயே!*
*ஊருக்கெல்லாம் சேதி சொன்னவனே,*
*உன் சேதிய உன் வாயாலே அனுப்பிட்டுப் போனீயே!*

எசென்குலின் கை முகத்திலேயே நின்றுவிட்டது.

ஜிபார்தான். நிலக்கரிக் குவியலைக்கூடப் பார்க்காமல், தலைத்துணி அவிழ்ந்து தோளில் கிடக்க, பெர்மெத்தின் தோளைப் பிடித்தபடி வந்துகொண்டிருந்தாள். பெர்மெத்தும் அழுதுகொண்டிருந்தாள். அவர் செய்த தப்பு அவருக்கு ஒரு நொடியில் விளங்கியது. அந்த ஒரு வரி! அந்த வரியை அவர் சொன்ன எந்த வீட்டிலும், கதையில் வருகிறவர் உயிரோடு இருந்ததில்லை. ஏரிப்பக்கம் போயிருந்தேன் என்றால் ஆள் போய்விட்டார் என்று அர்த்தம். அவரும் பழக்க தோஷத்தில் அதிலேயே ஆரம்பித்துத் தொலைத்திருக்கிறார். சாகும்முன் தன் சாவுச் செய்தியைத் தானே பதிவு செய்து வைத்துவிட்டு, யாருக்கும் சிரமம் வைக்காமல் போய்விட்டார் என்று அவள் நினைத்துவிட்டாள். அவரைத் தெரிந்த யாரும் அப்படித்தான் நினைப்பார்கள். செய்யக்கூடிய ஆள்தான்.

உடனே எழுந்திருக்க வேண்டும். தெரியும். ஆனால் அவர் எழுந்திருக்கவில்லை.

*பனியில நான் பால் கறக்கப் போகயிலே*
*என் பூட்ஸை அடுப்போரம் வச்சவனே!*
*யாரு வச்சான்னு கேக்காம இருந்தேனே,*
*கேட்டா நீ நிறுத்திடுவேன்னு பயந்தேனே!*

அவர் அதைச் செய்தார்தான். நாற்பத்திரண்டு குளிர்காலம். அவளுக்குத் தெரியாது என்றுதான் இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தார். இன்னும் சொன்னாள். அவர் கடைசி ரொட்டியை எப்போதும் பசியில்லை என்று தள்ளிவைத்தது, செய்தி சொல்லிவிட்டு வந்த நாட்களில் கொட்டகையில் போய்க் குதிரையின் கழுத்தைப் பிடித்துக்கொண்டு நின்றது. அதுவும் பார்த்திருக்கிறாள்! நீ, நீ என்று கூப்பிட்டாள். உயிரோடு இருக்கும்வரை 'நீங்க'. செத்ததும் நெருங்கிவிட்டார் போல. இவ்வளவையும் கேட்க ஒரு மனுஷன் சாக வேண்டியிருக்கிறது என்று நினைத்தார். சுவருக்குப் பின்னால், தன் ஒப்பாரியைத் தானே திருடிக் கேட்டுக்கொண்டு, கண்ணில் நீர் வழிய உட்கார்ந்திருந்தார். கூச்சமாக இருந்தது. இன்னும் கொஞ்சம் என்றும் இருந்தது.

பிறகு பெர்மெத் தள்ளாடுவது தெரிந்தது. எழுந்து முன்னால் போனார்.

"கிழவி."

ஜிபார் அவரைப் பார்த்தாள். வாய் ஓடிய வேகத்தில் இன்னும் ஒரு வரி வந்துவிட்டது. பாதியில் நின்றது.

"உயிரோட இருக்கீங்களா?"

"இன்னைக்கு இருக்கேன்."

அவள் கையில் இருந்த பையால் அவர் தோளில் ஒன்று வைத்தாள். ஐந்து மாதத்தில் முதல் தடவையாக அவரை ஒரு நோயாளி போல இல்லாமல் தொட்டாள். "பாவி மனுஷா! பாவி மனுஷா!" பெர்மெத் அப்பாவைக் கட்டிக்கொண்டு, அவர் சட்டையிலேயே மூக்கைத் துடைத்தாள். அவள் போன் அடித்துக்கொண்டே இருந்தது. கொச்கோரிலிருந்து எசென்குலின் தம்பி கெங்கேஷ்.

"குடு, நான் பேசுறேன்" என்றார் எசென்குல்.

"பெர்மெத், துக்கக் கூடாரத்துக்குக் கம்பு நட்டாச்சும்மா. உலான் எப்ப வர்றானாம்? உடம்ப எப்பக் கொண்டு வர்றீங்க?"

"உடம்பு தானே நடந்து வரும்னு பாக்குறேன்" என்றார் எசென்குல்.

"அண்ணே?" என்றது அந்தப் பக்கம் ஒரு சின்னக் குரல். "அண்ணே, ஆடு அறுத்துட்டோமேண்ணே."

"சாப்புடுங்க. எனக்குப் பிடிச்ச ஆடா?"

"அந்தக் கொம்பு வளைஞ்சது."

"கட்டுன கூடாரத்தப் பிரிச்சிடு. என்னை நினைச்சு யாரும் பட்டினி கிடக்காதீங்க."

வார்டுக்குத் திரும்பி வந்தார்கள். ஜிபார் முகம் கழுவிக்கொண்டு வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். சிரிப்பு இல்லை. அது இல்லாத முகத்தை எசென்குல் நெடுநாளைக்குப் பிறகு பக்கத்தில் பார்த்தார். வயதாகியிருந்தது.

"யாரோ ஒரு பொண்ணோட மிஷின்கிட்டச் சொல்லத் தெரிஞ்சுது. என்கிட்டச் சொல்ல வாய் வரல."

"நீ டாக்டரம்மாகிட்டப் பேசினே, பிள்ளைங்ககிட்டச் சொன்னே, கெங்கேஷ்கிட்டச் சொன்னே. கொச்கோரே பேசியிருக்கும். என்கிட்ட மட்டும் அல்சர்."

"தெரிஞ்சா சீக்கிரம் போயிடுவீங்கன்னு சொன்னாங்க."

"தெரிஞ்சு அஞ்சு மாசமாச்சு கிழவி."

அவள் தலை குனிந்து, தலைத்துணியின் ஓரத்தை விரலில் சுற்றினாள். சுற்றி, அவிழ்த்து, மறுபடி சுற்றினாள்.

"என்ன சொல்லணும்னு நினைச்சீங்களோ, அத இப்பச் சொல்லுங்க."

"அதான் சொன்னேனே. அந்த வாத்து..."

"வாத்து வேண்டாம். வாத்து இல்லாமச் சொல்லுங்க."

எசென்குல் எத்தனையோ வீட்டு வாசலில் நின்றிருக்கிறார், ஆனால் 'செத்துட்டார்' என்கிற வார்த்தையை ஒருமுறைகூட அவர் வாயால் சொன்னதில்லை. கழுகு பறந்தது, குதிரை கயிற்றை அறுத்துக்கொண்டது, விளக்கு காற்றில் அணைந்தது, எல்லாம் சொன்னார். அந்த வார்த்தையை மட்டும் எப்போதும் அவர்களையே சொல்ல விட்டுவிட்டார். அதுதான் சாமர்த்தியம் என்று அவர் நினைத்திருந்தார். இப்போது பார்த்தால் வெறும் பயம் போலவும் இருந்தது.

"வீட்டுக்குப் போகணும்" என்றார்.

"அது தெரியும். அதுக்கு முன்னாடி ஒண்ணு இருக்கு. அதச் சொல்லுங்க."

அவர் பச்சைச் சுவரைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

"எனக்குப் புத்துநோய். நான் சாகப்போறேன். நாலாவது தண்ணி வேண்டாம். நடக்க முடியறப்பவே வீட்டுக்குப் போகணும்."

சொல்லியாயிற்று. சின்னக் குரல்தான். ஆனால் அந்த அறையில் அந்த வார்த்தையை யாரும் இதுவரை சொன்னதில்லை. எதிர்க் கட்டிலில் டீ கலக்கிக்கொண்டிருந்த கரண்டிச் சத்தம் நின்றது. ஓரத்துக் கட்டில் கிழவர் மெல்லத் திரும்பிச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். அப்துவாலியின் போனில் மலை ரோடு மட்டும் சத்தமில்லாமல் வளைந்து வளைந்து போய்க்கொண்டிருந்தது.

"அண்ணே" என்றான் அப்துவாலி. குரலில் விளையாட்டு இல்லை. "அது உங்களுக்கு மட்டும்தாண்ணே. எங்களுக்கெல்லாம் கட்டிதான், அல்சர்தான்."

"ஆமா தம்பி" என்றார் எசென்குல் உடனே. "எனக்கு மட்டும்தான்."

சொன்னால் தனிமை போய்விடும் என்று ஐந்து மாதம் நினைத்திருந்தார். ஒருவேளை கொஞ்சம் போயிருக்கலாம். ஆனால் மற்ற ஐந்து கட்டிலிலும் அதே தனிமை கூடி உட்கார்ந்துகொண்டதை அவர் பார்த்தார். ஜிபார் அழவில்லை. அழ வேண்டியதைக் கீழேயே முடித்துவிட்டிருந்தாள். அவர் கையை எடுத்து, ஊசி குத்திக் கறுத்த இடங்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். பிறகு எழுந்து, கட்டிலுக்கு அடியிலிருந்து பையை இழுத்தாள்.

"அம்மா, அண்ணனைக் கேக்கணும்" என்றாள் பெர்மெத்.

"கேளு. நாங்க கொச்கோர் போய்ச் சேர்ந்ததும் கேளு."

டாக்டரம்மா மறுநாள் காலையில் கையெழுத்துப் போட்டார். முகத்தைப் பார்த்தால் அவருக்கும் ஏதோ பாரம் இறங்கிய மாதிரி இருந்தது. அய்தூர்கான் ஓடி வந்தாள், கண் வீங்கியிருந்தது. "என்னாலதாங்கய்யா. நான் அனுப்புறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை விசாரிச்சிருக்கணும்."

"முப்பது வருஷத்துல என் செய்தி தப்பாப் போனது இதுதான் முதல் தடவை" என்றார் எசென்குல். "அதையும் எழுதிக்கோ. உன் டாக்டருங்களுக்குப் புரியுதான்னு பாப்போம்."

அப்துவாலி போகும்போது கையைக் குலுக்கவில்லை. போன் சார்ஜரைப் பிடுங்கி எசென்குலின் பைக்குள் போட்டான். "வழியில வேணும்" என்றான். அவ்வளவுதான். திரும்பிப் படுத்துக்கொண்டான்.

ஷேர் டாக்ஸியில் பின்சீட்டில் மூன்று பேர். எசென்குல் ஜன்னலோரம், நடுவில் ஜிபார், அந்தப் பக்கம் பால்டப்பா மூட்டையோடு ஒரு நடுவயதுப் பெண். பள்ளத்தாக்கு குறுகி, ஆறு ரோட்டுக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. ரேடியோவில் ஏதோ காதல் பாட்டு சத்தமாக ஓடியது. வீட்டில் என்ன இருக்கிறது, யார் வந்து உட்கார்ந்திருப்பார்கள், அறுத்த ஆட்டுக்கு என்ன பதில் சொல்வது என்று யோசிக்கிற முகம் ஜிபாருக்கு. எசென்குலுக்கு வாசல் மட்டும்தான் நினைவில் இருந்தது. இரண்டு படி. பிடித்துக்கொள்ள ஒன்றும் கிடையாது.

"ஆஸ்பத்திரியிலேர்ந்தா வர்றீங்க?" என்றாள் அந்தப் பெண், அவருடைய தொப்பியின் ஓரத்தில் முடியில்லாததைப் பார்த்து. "ஐயாவுக்கு நல்லாயிடுச்சா அக்கா?"

எசென்குல் பதிலைத் தயாராக வைத்திருந்தார். அல்சர், ஓடியே போச்சு. ஐந்து மாதப் பழக்கம், நாக்கிலேயே இருந்தது. ஆனால் ஜிபார் முந்திக்கொண்டாள்.

"இல்ல" என்றாள். "நல்லாகல. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன்."

அந்தப் பெண் மூட்டையை மடியில் இறுக்கிக்கொண்டாள். டிரைவர் கண்ணாடியில் ஒருமுறை பார்த்துவிட்டு, கையை நீட்டி ரேடியோச் சத்தத்தைக் குறைத்தான்.

"இருக்கட்டும் தம்பி" என்றார் எசென்குல். "பாடட்டும். நல்ல பாட்டுதானே."